சிவந்த ஓரம்

திரையில் இருந்த உயிர்ச்செல்கள் அத்தனையும் வலது ஓரத்தில் சிவந்திருந்தன. தெருவில் சண்டை என்றால் பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. வகுத்தல் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டான்.

வகுத்தல் என்பது ஆய்வகத்தில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். செல்லுக்குள் வைத்த ஒளிரும் புரதம், விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் நிறம் மாறும். மைக்ராஸ்கோப்பின் இரண்டு கேமராக்களும் ஆளுக்கொரு நிறத்தில் படம் பிடிக்கும். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால், செல் தடிமனாக இருப்பதால் சும்மா பளபளக்கும் இடமெல்லாம் அடிபட்டுப் போய், புரதம் விழித்த இடம் மட்டும் சிவப்பாகத் தெரியும். வகுக்கும் கணினி நிரல் அவன் எழுதியது. செல் வளர்த்துப் படம் பிடிப்பவள் அவனுக்கு மூத்தவள், அதனால் அக்கா. நகரும் செல்லின் முன்னோரத்தில்தான் புரதம் விழிக்கிறது என்பது அவள் கண்டுபிடிப்பு. அதற்குச் சாட்சி வலப்பக்கம் நகரும் ஒரே ஒரு செல்லின் படம். சாயங்காலம் ஆய்வகத் தலைவர் அதை ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறார். அது வெளிவந்தால்தான் அவளுக்கு அடுத்த வருடம் இங்கே வேலை. இன்று போய், செல்கள் வளரும் மொத்தக் கிண்ணத்தையும் திரையில் போடச் சொன்னவளும் அவள்தான்.

"விடுங்கக்கா. எல்லாரும் பாத்து ஒத்துக்கிட்டாச்சு. நீங்களே ஏன் கிளறறீங்க?"

"எல்லாம் ஒரே பக்கமா நடக்கும்? அதுங்களுக்கு ஆபீஸுக்கு நேரமாச்சா?" அவள் சிரிக்கவில்லை.

கிண்ணத்தை மெல்லப் பிடித்து அரைவட்டம் திருப்பி வைத்தாள். சிவப்பு நிஜமென்றால் செல்களோடு சேர்ந்து இடப்பக்கம் வர வேண்டும். அவன் வகுத்தான். செல்கள் தலைகீழாகிவிட்டன, சிவப்பு வலப்பக்கத்தை விட்டு அசையவில்லை. இரண்டு கேமராக்களும் ஒரு மயிரிழை விலகி நிற்கின்றன. அதனால் வலது ஓரத்தில் வெளிச்சத்தை வெறும் இருட்டால் வகுத்துத் தள்ளியிருக்கிறது நிரல்.

"ஒரு புள்ளி நகர்த்தினா ரெண்டு படமும் பொருந்திடும்க்கா. கொஞ்சம் பொறுங்க, பாத்துட்டு அப்புறம் சொல்லலாம். மிச்சம் ஏதாவது இருந்தாலும் இருக்கும்."

"பாத்துட்டேன்னா சொல்ல மனசு வராதுடா. மிச்சம் இருந்தாலும் வராது, இல்லாட்டியும் வராது." போனை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். "சார், அந்தப் படத்த அனுப்பாதீங்க. தப்பா இருக்கு... இல்ல சார், நான்தான் சரியாப் பாக்காம விட்டுட்டேன்."

படங்களைப் பொருத்தும் வரியே அவன் நிரலில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவன் பேச்சையே அவள் எடுக்கவில்லை. இப்படி ஒருத்தியோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதே பெரிய விஷயம் என்று அவனுக்குத் தோன்றியது. வரியை எழுதி, மறுபடி வகுக்க விட்டான்.

படம் மேலிருந்து கீழே மெதுவாக வந்தது. வலது ஓரங்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பு கழன்று வெறும் பச்சையாயின. அடிமூலையில் ஒரு செல் இடப்பக்கமாக நகரக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலின் நுனியில், நகத்தளவு, சிவப்பு.

கூப்பிட வாயெடுத்தான். அவள் இன்னும் சுவரைப் பார்த்தபடியே, "ஆமா சார், மொத்தத்தையும் முதல்லேருந்து எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.