புழுதிப் பலகை

“மதினி, அந்த முனையைப் பிடிங்க” என்று மர்ஸுபான் பலகையில் கை வைத்ததும் மாஹக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“கையை எடு தம்பி!”

அவன் அண்ணன் புந்தார் அடுத்த அறையில் விடிகாலையிலிருந்து மய்யித்தாகக் கிடக்கிறார். குளிப்பாட்டுகிறவர்கள் வந்தாயிற்று, வெந்நீரும் ஆயிற்று. மய்யித்தைக் குளிப்பாட்டும் பள்ளிவாசல் பலகை வேறு வீட்டுக்குப் போயிருந்தது. இந்தப் பனியில் நிஷாப்பூரில் சாவுக்கா பஞ்சம்!

புந்தார் கணக்குப் போடுவதெல்லாம் இந்தப் பலகையில் பரப்பிய புழுதியில்தான். விடை வந்துவிட்டால் உள்ளங்கையால் அழித்துவிடுவார். மூன்று வருஷமாக அழியாமல் கிடந்தது இந்த ஒன்று. வளைந்து வரும் இரண்டு கோடுகள், சுற்றிலும் எண்கள். கணக்கில் தெரியாமல் நிற்கும் எண்ணுக்கு அவர் வைத்த பெயர் ‘பொருள்’; கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அது அகப்படும் என்பார். சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம், “உங்க பொருள் அகப்பட்டுச்சா?” என்று மாஹக் சீண்டுவாள். “புழுதி பறந்துடும், கதவைச் சாத்து. இதோ வர்றேன்” என்பார், திரும்பிப் பார்க்காமலே. பாவி மனுஷன். பிள்ளையுமில்லாத வீட்டில் அந்த முதுகோடுதான் அவள் குடித்தனம் நடத்தினாள்.

இன்று விடிகாலை அவள் வந்து பார்த்தபோது குச்சியும் கையுமாகப் பலகையோரம் சரிந்து கிடந்தார்; அப்புறம்தான் அடுத்த அறைக்குத் தூக்கிப் போனார்கள். கோடுகள் சேர்ந்த மாதிரியும் இருந்தது, சேராத மாதிரியும் இருந்தது. அவளுக்கு என்ன தெரியும்?

“கிடைச்சிருந்தா அண்ணனே அழிச்சிருப்பாரே மதினி.”

“அழிக்கறதுக்குள்ள போயிட்டாங்களோ என்னவோ. ரய் பட்டணத்திலேர்ந்து அவங்க சிநேகிதர் வந்து பாக்கட்டும். அவர் ஒருத்தருக்குத்தான் இது புரியும்.”

“பனி உருகாம அவர் எப்படி வருவாரு?”

“உருகட்டும். எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“அப்போ அண்ணனை எதுல கிடத்தறது?”

மாஹக் சுற்றிலும் பார்த்தாள். அந்த அறைக் கதவு ஆள் நீளம் இருந்தது.

“இதைக் கழட்டு.”

“கதவு போனா காத்து எல்லாத்தையும் வாரிட்டுப் போயிடுமே!”

“அதை நான் பாத்துக்கறேன். நீ கழட்டு.”

கழற்றும்போது கதவு சுழலும் முளை முறிந்தது. தச்சர் மறுநாள்தான் வருவார். அதே கதவில் புந்தாரைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றித் தூக்கிப் போனார்கள். ஜனாஸா தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று அழுத மாஹக், முற்றத்துக் காற்று உறைத்ததும் உள்ளே ஓடினாள். வெறும் கதவு நிலையில் ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டாள். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. கடைசியில் அதை முதுகால் அழுத்திக்கொண்டு, பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் பக்கத்து வீட்டு நாஹித் முற்றத்துக்கு வந்தாள்.

“மாஹக், கஞ்சி கொண்டாந்திருக்கேன். காலையிலேர்ந்து பட்டினி கிடக்கறே, வாடி.”

மாஹக் திரும்பவில்லை.

“புழுதி பறந்துடும். இதோ வர்றேன்.”