தராசில் கோளாறு இல்லை

அந்தக் குடிசைப் பகுதியின் குழந்தைகள் மையத்தில் வேலை பார்த்தவளை எல்லாரும் எடைக்கார அக்கா என்றே கூப்பிட்டார்கள். மாதம் ஒருமுறை சின்னப் பிள்ளைகளைத் தராசில் நிறுத்திப் பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. அவள் எழுதுவது ஒரு எடை. மேலே போய்ச் சேருவது வேறு எடை. நடுவில் மேற்பார்வையாளர் அம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் பேனா பட்டால் போதும், நோஞ்சான் பிள்ளைகூட உட்கார்ந்த இடத்தில் மூன்று கிலோ ஏறிவிடும். தாய்ப்பாலுக்குக்கூட அந்தச் சத்து கிடையாது.

அந்த மாதம் சிட்டு வந்தாள். மூன்று வயதாகப் போகிறது. எட்டு கிலோ நூறு கிராம். புஜத்தைச் சுற்றிய அளவு நாடா சிவப்பில் நின்றது; சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. தாய்க்காரி தையல் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவள்.

"விடிஞ்சா போறேன், இருட்டினா வர்றேன்க்கா. பெரியவதான் இவளைப் பார்த்துக்கிறா. அவளுக்கே ஏழு வயசு. டீயில பன்னை நனைச்சு ஊட்டுவா" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

போன மாதம்வரை அவளைத் திட்டிய எடைக்கார அக்கா இந்த முறை திட்டவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள்.

மேற்பார்வையாளர் அம்மாள் சீட்டைத் தொடக்கூட இல்லை. "வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வர்றார். இப்பப் போய் ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னுகிட்டு! பதினொண்ணுன்னு எழுது. அன்னைக்கு இந்த மாதிரி ஒல்லிக்குச்சி ஒண்ணும் கண்ணுல படக்கூடாது, சொல்லிட்டேன்."

எடைக்கார அக்கா தலையாட்டினாள். வெளியே வந்து தாய்க்காரியிடம், "வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போடு. பத்து மணிக்குப் பிள்ளையோட வந்துடு" என்றாள்.

வெள்ளிக்கிழமை மையத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். முன்வரிசையில் கொழுகொழுவென்று நாலு பிள்ளைகள். அதில் இரண்டு மேற்பார்வையாளர் அம்மாளின் தங்கை பெற்றவை. அதிகாரி நாற்காலி நிறைய உட்கார்ந்து அருள்வாக்குச் சொன்னார்: "தினம் ஒரு முட்டை, ரெண்டு பழம், ராத்திரி நாலு பாதாம். அலட்சியம் பண்ணாதீங்கம்மா."

"பாதாமா? அதை எந்தக் குழாயில பிடிக்கணும் சார்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். அவர் காதில் அது விழவில்லை. அப்படிப்பட்ட காது இருந்தால்தானே அந்த நாற்காலி கிடைக்கும்.

அந்த நேரம் பார்த்து எடைக்கார அக்கா சிட்டுவைத் தூக்கி வந்து தராசில் நிறுத்தினாள். "எட்டு கிலோ!" என்று சத்தமாகப் படித்தாள். நாலு நாளில் நூறு கிராம் போயிருந்தது.

மேற்பார்வையாளர் அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "தராசுல கோளாறு சார்."

"அப்ப நீங்க ஏறுங்க மேடம். சரியாக் காட்டுதான்னு பார்த்துடலாம்" என்றாள் எடைக்கார அக்கா.

அம்மாள் ஒரு அடி பின்வாங்கினாள். பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பை அடக்க நினைத்த அதிகாரி, பெரிய மனதுடன் தானே ஏறினார். எண்பத்தாறு.

"கரெக்ட். காலையில வீட்டுலயும் இதேதான்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. முப்பது தாய்மார்கள் அவரையே பார்த்தார்கள். சீட்டில் கையெழுத்து விழுந்தது. தன் காரையும் கொடுத்தார். இல்லாவிட்டால் வாசலைத் தாண்டியிருக்க முடியாது.

சிட்டு மூன்று வாரம் வார்டில் இருந்தாள். முதல் வாரம் கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். மூன்றாவது வாரம் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் கிண்ணத்தைப் பிடுங்கினாள். ஒன்றரைக் கிலோ ஏறியது. தாய்க்காரியின் இடத்தில் கம்பெனி வேறு ஆள் வைத்துவிட்டது. அவள் இப்போது ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். பிள்ளை கண்ணெதிரே விளையாடுகிறது.

அந்த மாத அறிக்கை மையத்தைப் பாராட்டியது. மிகவும் மெலிந்த குழந்தைகள்: இல்லை. சிட்டுதான் ஆஸ்பத்திரியில் இருந்தாளே! எடைக்கார அக்காவுக்கு மட்டும் மரியாதைக் குறைவு என்று விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அதை மடித்து அலமாரியின் ஆடும் காலுக்கு அண்டை கொடுத்துவிட்டு, நாடாவை எடுத்துக்கொண்டு அடுத்த சந்துக்குப் போனாள்.