யோசெப்பின் போட்ட வாக்கு

நல்ல மனசுக்காரி யோசெப்பின் என்று யாராவது என்னைப் புகழ்ந்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த நல்ல மனசுதான் என் குடியைக் கெடுத்தது.

என் கணவர் றேமண்ட், கொழும்பு கொட்டாஞ்சேனையில் கலியாணச் சோடிகளுக்கு வால்ட்ஸ் பழக்குகிறவர். டிவியில் பிரபலங்களின் நடனப் போட்டி தொடங்கியபோது, சீரியல் நடிகை விஷ்ணுப்பிரியாவுக்குச் சோடியாக அவரை எடுத்தார்கள். இறுதிச் சுற்றுக்குப் போனால் அவருக்கு அந்த டிவியிலேயே நிரந்தர வேலை. போகாவிட்டால் கப்பல். உல்லாசக் கப்பலில் ஆடுவதற்கு இரண்டு வருஷ ஒப்பந்தம் தயாராக இருந்தது. கொள்ளுப்பிட்டியில் இருந்த கப்பல் ஏஜன்ட், முடிவு வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

சனிக்கிழமை அரையிறுதி. மூன்று சோடிகளில் ஒன்று வெளியேற வேண்டும். றேமண்ட் சோடிக்கு முப்பதுக்கு முப்பது. ஒரு கிரிக்கெட் வீரருக்கு இருபத்துநான்கு. செய்தி வாசிப்பாளர் ஆனந்தகிருஷ்ணனுக்குப் பதினாறுதான். காலமெல்லாம் கதிரையில் இருந்து செய்தி வாசித்த மனிதருக்கு இடுப்பு எங்கே வளையும்? ஆடினாரா, பஸ்ஸுக்கு ஓடினாரா என்று ஒரு நடுவர் கேட்க, அரங்கமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

புள்ளிகளுக்குப் பாதி, மக்கள் வாக்குக்குப் பாதி. ஒரு ஃபோனுக்கு ஒரு வாக்கு, ஞாயிறு மத்தியானம் வரை போடலாம். முப்பது எடுத்தவரை யார் தள்ளப்போகிறார்கள் என்ற திமிரில் நான் ஆனந்தகிருஷ்ணனுக்குப் போட்டேன். அதோடு விட்டேனா? ஞாயிறு காலை பூசை முடிந்து, கோயில் வாசலில் நின்று, கிழமைதோறும் றேமண்டுக்கே போட்டுவந்த சனத்திடம் சொன்னேன்.

“எங்களுக்குப் பயமில்லை. அந்த மனுசன் பாவம், இந்த முறை அவருக்குப் போடுங்கோ.”

எவ்வளவு பெரிய மனசு என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

பின்னேரம் முடிவு. குடும்பத்தினர் வரிசையில் எனக்குப் பக்கத்தில் ஆனந்தகிருஷ்ணனின் மனைவி கண்ணாத்தாள். முதலில் கிரிக்கெட் வீரர் தெரிவானார். மேடையில் மிஞ்சியது கண்ணாத்தாளின் கணவரும் என் கணவரும். அறிவிப்பாளர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே இழுத்தார். கண்ணாத்தாள் என் கையைப் பிடித்தார்.

“நாங்கள் வீட்டுக்குப் போறதுதான் தங்கச்சி. அவரும் காலையிலேயே சொல்லிப்போட்டார்.”

காலையில் கோயில் வாசலில் தலையாட்டிய முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அத்தனை பேரும் என் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது என்று மாதாவை மன்றாடினேன்.

ஆனந்தகிருஷ்ணனின் பெயரைத்தான் வாசித்தார்கள். அவர் நம்பாமல் றேமண்டைப் பார்த்தார். றேமண்ட் முதல் ஆளாகக் கைதட்டி, அவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

போட்டியாளர்களின் ஃபோன்களை நிகழ்ச்சிக்காரர்கள் வாங்கி வைத்திருந்தார்கள். உடை மாற்றும் அறையில் சப்பாத்தைக் கழற்றியபடி றேமண்ட் கை நீட்டினார்.

“உன்ர ஃபோனைத் தா. ஏஜன்டுக்கு மெசேஜ் போடவேணும்.”

வாக்குக்கு நன்றி சொல்லி வந்த மெசேஜ் முதலாவதாகவே கிடந்தது. ஒரு விரலால் அழித்திருக்கலாம். அழிக்க மனம் வரவில்லை. அப்படியே கொடுத்தேன்.

அவர் வாசித்தார். ஆனந்தகிருஷ்ணன் என்ற பெயரைப் பெருவிரலால் ஒருமுறை தொட்டார்.

“நீ மட்டுமா?”

“இல்லை. கோயில்ல எல்லாரிட்டயும் சொன்னனான். நீங்கள் எப்பிடியும் வெல்லுவீங்கள் எண்டு நினைச்சன்.”

அவர் ஏஜன்டுக்கு, வருகிறேன் என்று என் ஃபோனிலேயே எழுதி அனுப்பினார்.