முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்

கண்ணாடிக்கடைக்காரர் இருபது வருடமாக ஊராரின் கண்ணைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர். அப்பேர்ப்பட்டவரின் கண்ணில் படாமல் இருப்பதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டு, அவர் வீட்டுச் சோபாவுக்கு அடியில் ஒரு நாய்க்குட்டி கிடந்தது. பெயர் பட்டன். மூக்கு கறுப்பாக, வட்டமாக, கோட்டுப் பட்டன் அளவில் இருந்ததால் மனைவி வைத்த பெயர். திங்கட்கிழமைதான் நாய்கள் காப்பகத்திலிருந்து தூக்கி வந்திருந்தார்கள். மூன்று மாதக் குட்டி.

குட்டி வேண்டுமென்று கேட்டது அவர்தான். மனைவிக்கு ரயில் ஓட்டும் வேலை. கிளம்பினால் திரும்ப மூன்று நாளாகும். கீழே கடை, மேலே வீடு. கடையை அடைத்துவிட்டு மாடியேறினால் பேச ஆளில்லை. டிவிச் செய்தியோடு தனியாகச் சண்டை போட்டு அலுத்துப்போயிருந்தார். வெளியில் சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, அந்த மூன்று நாட்கள் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஆனால் குட்டி ஒட்டிக்கொண்டது மனைவியிடம். அவள் அந்த வாரம் லீவில் இருந்தாள். முதுகுவலிக்காரி; சாயங்காலமானால் வெறுந்தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். வந்த அன்றே பட்டன் மெல்ல மெல்ல நகர்ந்து வந்து, அவள் தலைமுடியை மோந்து பார்த்து, தோளில் மோவாயை வைத்துத் தூங்கிவிட்டது. அவர் எட்டிப் பார்த்ததுதான் தாமதம், வாலைச் சுருட்டிக்கொண்டு சோபாவுக்கு அடியில் ஓடிற்று. அவர் அறையில் இருந்தால் தீனிக் கிண்ணத்தின் பக்கம்கூட வருவதில்லை; அவர் இல்லாதபோதும் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தின்றது.

"நீ அதுக்கு என்ன பண்ணே?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல. சும்மா படுத்திருந்தேன்."

"நானுந்தான் ஒண்ணும் பண்ணல."

"அத நீங்க பட்டன்கிட்ட சொல்லுங்க."

சிரித்தாளே தவிர, விஷயத்தை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "சனிக்கிழமை காலைல எனக்கு டூட்டி. அதுக்குள்ள அது உங்க பக்கத்துல ஒரு வாயாவது சாப்பிடணும். இல்லன்னா காப்பகத்துக்குப் போன் பண்ணிடுவேன். மூணு நாள் பட்டினி கெடந்தா அந்தச் சின்ன உடம்பு தாங்காதுங்க. அங்க வேற ஒரு குடும்பமும் இதக் கேட்டுட்டுதான் இருக்காங்க."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அவர் மண்டையைக் குடைந்தது ஒரு கேள்வி: அப்படி என்னதான் இருக்கிறது தன்னிடம்?

செவ்வாய்க்கிழமை, குட்டிக்குப் பார்வைக் கோளாறாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. தொழில் புத்தி சும்மா விடுமா? கடையிலிருந்து டார்ச்சை எடுத்து வந்து, குப்புறப் படுத்து, சோபாவுக்கு அடியில் தலையை விட்டு, ஒரு சாண் தூரத்தில் இரண்டு கண்ணையும் பரிசோதித்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. குட்டி பயத்தில் மூத்திரம் போனதில் தரைதான் ஈரமாயிற்று. மனைவி துடைப்பானை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

புதன்கிழமை வாசனைமேல் பழியைப் போட்டார். லென்ஸ் துடைக்கிற மருந்து நெடி போக மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தார். வியாழக்கிழமை மீசைமேல் சந்தேகம் விழுந்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வளர்த்த மீசை. வழித்துவிட்டு வெளியே வந்தார். மனைவியே யாரோ என்று ஒரு நொடி பதறி எழுந்துவிட்டாள். பட்டன் மட்டும் சரியாக அடையாளம் கண்டுகொண்டு உள்ளே போயிற்று.

ஒவ்வொரு சோதனைக்கும் பிறகு, பலன் தெரிகிறதா என்று குனிந்து குட்டியின் முகத்தைக் கண்கொட்டாமல் பார்ப்பார். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் தபால்காரர் ஒருவர் கண்ணைச் சோதிக்க வந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, வழக்கம்போல மூக்கோடு மூக்கு உரசுகிற தூரத்துக்குக் குனிந்தார் கடைக்காரர். தபால்காரர் நெளிந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்."

"ஏன், என்னாச்சு?"

"நீங்க இப்படிக் குனிஞ்சு கண்ணுக்குள்ள பாக்கிறப்ப, எதையோ திருடி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. எந்திரிச்சு ஓடிடலாமான்னு வருது."

"இருபது வருஷத்துல யாருமே இப்படிச் சொன்னதில்லையே."

"கண்ணாடி வேணுமே சார். பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க."

கையில் பிடித்திருந்த லென்ஸை எங்கே வைப்பதென்றே அவருக்கு மறந்துபோயிற்று. மனைவி ஒன்றும் செய்யவில்லை, படுத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். ஆள் மாற்றி ஆள் கண்ணுக்குள் பார்க்கிற தான், வீட்டுக்கு வந்த பச்சைக் குழந்தையையும் நான்கு நாளாக விடாமல் முறைத்திருப்பது உறைத்தது. வெட்கமாக இருந்தது. கூடவே, உடனே மாடிக்கு ஓடி இது சரிதானா என்று பார்த்துவிட வேண்டும் என்ற துடிப்பும் இருந்தது.

அந்தத் துடிப்புதான் வினையாயிற்று. சாயங்காலம் சோபாவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழித்துப் பின்னால் நகம் தரையில் படும் சத்தம் கேட்டது. பொறுக்க முடியவில்லை. திரும்பிவிட்டார். குட்டி பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

"அரைக் கண்ணாலதான் பாத்தேன்" என்றார் பரிதாபமாக.

"முக்கால் கண்" என்றாள் மனைவி.

சனிக்கிழமை காலை ஆறரை மணி. மனைவி சீருடை போட்டு, பையை வாசலில் வைத்து, கையில் போனோடு நின்றாள். அவர் மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முழங்காலுக்குப் பக்கத்தில் கிண்ணம். இந்தத் தடவை கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"வருதா?" உதடு அசையாமல் கேட்டார்.

"தல மட்டும் வெளிய இருக்கு."

வெகுநேரம் ஒன்றுமில்லை. கால் மரத்துப்போயிற்று.

"இப்ப?"

"முழுசா வந்துருச்சு. உங்க சட்டையத்தான் மோந்து பாக்குது. திரும்பிடாதீங்க."

இடுப்புக்குப் பின்னால் சட்டை லேசாக இழுபட்டது. வாழ்க்கையில் எதையும் பார்க்க அவர் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டார். நகச் சத்தம் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தது. தொடைமேல் இரண்டு சின்னப் பாதங்கள் ஏறின.

"என்ன பண்ணுது?"

"உங்க மூஞ்சியப் பாக்குது."

"எவ்வளவு கிட்ட?"

"ஒரு சாண் இருக்கும்."

சூடான மூச்சு மோவாயில் பட்டது. தன் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு எப்படி இருக்குமென்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. பட்டன் சாவகாசமாகப் பார்த்து முடித்தது. பாதங்கள் இறங்கின. அவ்வளவுதான், போய்விட்டது என்று நினைத்தார்.

கிண்ணத்தில் ஏதோ உருண்டது. கடக் என்று ஒரு கடி. கொஞ்ச நேரம் நிசப்தம். பிறகு அவசர அவசரமாகக் கடகடவென்று கடிக்கும் சத்தம்.

"சாப்பிடுதா?"

"ம்" என்றாள்.

கிண்ணம் தரையில் நகர்ந்து வந்து அவர் முழங்காலில் இடித்தது. குட்டியின் முதுகு அவர் காலில் உரசிக்கொண்டு அங்கேயே நின்றது.

"காப்பகத்துக்குப் போன் பண்ணலையே?"

அவள் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு தடவை கேட்டார். அவள் மாடிப்படியில் அடிமேல் அடி வைத்து டூட்டிக்கு இறங்கிப் போவது மட்டும் கேட்டது.