நீளப் பிளக்

சுசித்ராவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் பிறந்த ஊரான பொதட்டூர்பேட்டையிலிருந்து மினி லாரி வந்தது. கட்டில், பீரோ, கிரைண்டர், பித்தளை அண்டா. பிள்ளை இல்லாமல் பெண் போய்விட்டால் கொடுத்த சீர் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அவள் கணவன் குமரவேல் எல்லாவற்றையும் தானே ஏற்றிவிட்டான். மிஞ்சியது அந்தப் பழைய பியட் கார். ஐந்து மாதம் கழித்து அதையும் கேட்டு மாமனார் சிங்காரம் திருத்தணிக்கு பஸ் ஏறி வந்துவிட்டார்.

குமரவேலும் ஏறிக்கொள்ள, வண்டி கிளம்பியது. ஆனால் நாலு சிலிண்டரில் இரண்டு வேலை செய்யவில்லை. குலுங்கிக் குலுங்கி வந்து, அரக்கோணம் சாலையில் தேசப்பனின் ஸ்பேர்ஸ் கடை வாசலில் நின்றுபோனது. குமரவேல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினான். நாலிலும் கரி அப்பியிருந்தது.

"எம் பொண்ணு ஓட்டும்போது பட்டு மாதிரி ஓடிச்சு. உன் கையில எதுதான் உருப்பட்டுது?" என்றார் சிங்காரம். கல்யாணத்தன்று 'வாங்க மாப்ள' என்று அழைத்த வாய்.

"தெனமும் காலையில ஸ்டார்ட் பண்ணி, சத்தத்தக் கொஞ்ச நேரம் கேட்டுட்டு ஆஃப் பண்ணிடுவேன். ஓட்டாம வெச்சா கரி புடிக்கும் மாமா. புது பிளக் போட்டா சரியாயிடும்."

தேசப்பன் ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். சிங்காரம் அதைத் தொடவில்லை.

"கண்ணாடிக்குள்ள பளபளன்னு இருக்குதே, அது இன்னா?"

"அது இப்ப வர்ற வண்டிங்களுக்குங்க. வெலயும் மூணு மடங்கு. இதுக்கு ஆவாது."

"மரை வேறயா?"

"மரை ஒண்ணுதாங்க. நீளம் ஜாஸ்தி."

"உள்ள போயி பிஸ்டன்ல இடிக்கும்," என்றான் குமரவேல்.

"நீ வாயத் தொறக்காத. நாப்பது தறி ஓட்டிக்கினு இருக்கறவன் நானு. எது ஒசத்தி, எது மட்டம்னு நீ எனக்குச் சொல்லித் தரியா? மட்டமானதப் போட்டு வழியில நின்னுப்பூட்டா வண்டி திரும்பி உங்கிட்டயே வந்துடும்னு பாக்கற." அவர் குரல் ஏறியது. "மூணு நாள் ஜுரம். நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னே எம் பொண்ண வாரிக் குடுத்த. உம் பேச்ச நான் கேக்கணுமா?"

கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குமரவேல் நீளப் பிளக் நாலையும் வாங்கி, ஒவ்வொன்றாக முறுக்கினான். சிங்காரம் ஸ்டியரிங்கின் முன் போய் உட்கார்ந்தார்.

சாவியைத் திருகினால் போதும். எஞ்சின் உடையும். உடைந்த வண்டி பொதட்டூர்பேட்டைக்குப் போகாது, அவன் வாசலிலேயே கிடக்கும். அந்த வண்டியில்தான் சுசித்ரா மலைப்பாதையில் ஓட்டப் பழகினாள். வளைவில் கியர் மாற்ற மறந்துவிட்டு அவன்மேல் எரிந்து விழுவாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. தேசப்பன் சாட்சி.

சிங்காரம் சாவியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார்.

"எறங்குங்க," என்றான் குமரவேல்.

டிக்கியிலிருந்து, எஞ்சினைக் கையால் சுற்றும் கிராங்க் கம்பியை எடுத்து வண்டியின் முன்னால் சொருகினான். "நீங்களே சுத்துங்க. மெதுவா."

"இன்னா, ஒனக்கு எடுபுடியா நானு?"

"சுத்துங்க. உங்க கைக்குத் தெரியட்டும்."

கம்பி கால் சுற்று போனது. ணங்கென்று நின்றது. பின்னுக்கு இழுத்து மறுபடி சுற்றினார். அதே இடத்தில் ணங். இரும்பு இரும்பில் முட்டினால் எப்படியிருக்கும் என்று தறிக்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கம்பியை விட்டார். முகம் கறுத்துவிட்டது.

"அந்தச் சின்னதையே குடுப்பா," என்றார் தேசப்பனைப் பார்த்து.

பிளக்குகள் மாறின. எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்தது. குலுங்கவில்லை. சிங்காரம் கியரைப் போட்டுவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினார்.

"வண்டிக்கு எது ஆவாதுன்னு முன்னாடியே தெரியுது உனக்கு. எம் பொண்ணு வெசயத்துல மட்டும் தெரியல."

"ஆங். தெரியல," என்றான் குமரவேல்.

அவன் எதிர்த்துப் பேசுவான் என்று இருந்தவர்போல சிங்காரம் கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் இருந்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.