பெங்களூர்ப் பார்ட்டி

ஜாபஸ் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேர் இருந்தது. நெமிலிச்சேரியில் மனை சல்லிசாகக் கிடந்த காலத்தில், தன்னோடு வேலை பார்த்தவர்களை விரட்டி விரட்டி வாங்க வைத்தவன் அவன். இன்றைக்கும் அவர்களில் யாராவது அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் அவனைப் பார்த்துவிட்டால், வண்டியை ஓரங்கட்டி டீ வாங்கித் தராமல் போகமாட்டார்கள். அந்தப் பேர் அவனுக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

அதனால்தான், வாட்ச் விஷயம் தலைக்கு ஏறியபோது தனக்கு மட்டும் வாங்கிக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. பேட்டரி இல்லாத, பல்சக்கரங்களும் வில்லும் மட்டுமே வைத்து ஓடுகிற ஸ்விஸ் வாட்ச். வருஷம் ஆக ஆக விலை ஏறும், தங்கம்கூட இதற்குப் பின்னால்தான் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தான். பிறகு கஜபதியையும் இழுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனான். ஆளுக்கொன்று வாங்கினார்கள்.

கஜபதி ஆவடி குவார்ட்டர்ஸில் அவனோடு வளர்ந்தவன். இரண்டு பேருடைய அப்பாக்களும் ஃபாக்டரியில் ஒரே ஷிஃப்ட். ஜாபஸ் படித்து ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் ஆபீசர் ஆனான். கஜபதி மண்ணூர்பேட்டையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்தான்.

ஜாபஸ் தன் வாட்சின் கண்ணாடிமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. டப்பா, பில், வாரண்டி கார்டு எல்லாவற்றோடும் பேங்க் லாக்கரில் வைத்துப் பூட்டினான். கஜபதியோ ஷோரூம் வாசலிலேயே கட்டிக்கொண்டான்.

"டேய், கீறல் விழுந்தா விலை போயிடும்டா."

"வுழட்டும் மச்சான். கையில கட்றதுக்குத்தானே வாட்சு?"

லேத் முன்னால் நிற்கும்போது மட்டும் கழற்றி முருகர் படத்துக்குப் பக்கத்தில் வைப்பான். மற்றபடி கல்யாணம், காதுகுத்து, மீன் மார்க்கெட் எல்லாவற்றுக்கும் அது அவன் கையில் இருந்தது.

மூன்று வருஷம் இப்படிப் போனது. அந்த டிசம்பர் புயல் மழையில் மண்ணூர்பேட்டை முழுக்கத் தண்ணீர் நின்றது. கஜபதியின் பட்டறைக்குள் இடுப்பளவு. தண்ணீர் வடிந்தபோது லேத்துகளைத் துடைத்து எண்ணெய் விட்டு ஓட்டிவிட்டான். ஆனால் கடன் வாங்கிப் போட்ட, கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷினின் எலக்ட்ரானிக் போர்டு செத்துவிட்டது. அது ஓடினால்தான் ஆர்டர், ஆர்டர் வந்தால்தான் பட்டறை. கஜபதி நேராக ஜாபஸிடம் வந்து வாட்சைக் கழற்றிக் கொடுத்தான்.

"வித்துக் குடு மச்சான். நீதான் சொன்னியே, மூணு வருஷத்துல ஒண்ணரை மடங்கு ஆவும்னு. அவ்ளோலாம் வாணாம். போட்டது வந்தா போதும், போர்டு மாத்திடுவேன்."

ஜாபஸ் அதை எடுத்துக்கொண்டு அண்ணா நகரில் பழைய வாட்ச் வாங்கி விற்கிற ஒருவரிடம் போனான். அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டி, பின்மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்ன விலை, வாங்கிய விலையில் பாதிகூட இல்லை.

"என்ன சார் இது? வருஷா வருஷம் ஏறும்னு சொல்றாங்களே?"

"ஏறும் சார். ரெண்டு மூணு கம்பெனிக்கு, அதுலயும் சில மாடலுக்கு. அதை நீங்களோ நானோ போய்க் கேட்டா ஷோரூம்ல கண்ணுலயே காட்ட மாட்டான். மத்ததெல்லாம் கார் மாதிரிதான். வெளிய எடுத்ததுமே இறங்கிடும். இதுக்கு சர்வீஸ் வேற பண்ணணும், அந்தச் செலவையும் நான்தான் பார்க்கணும்."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஜாபஸுக்குத்தான் காது சுட்டது. வாட்சைத் திருப்பி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவன், வண்டியை எடுக்காமல் அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். கஜபதியின் முகத்தைப் பார்த்து இந்த விலையைச் சொல்வதாக நினைத்துப் பார்த்தான். வாய் வரவில்லை.

மறுநாள் லாக்கரைத் திறந்து தன் வாட்சை எடுத்துப் போய் விற்றான். தாள் உரிக்காத வாட்ச் என்பதால் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது. அதோடு போனஸில் மிச்சம் வைத்திருந்ததைச் சேர்த்தான். மனைவி சாராளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டறைக்குப் போய்க் கவரை நீட்டினான்.

"பெங்களூர்ல ஒரு பார்ட்டிடா. பரந்தாமன்னு பேரு. இந்த மாதிரி வாட்ச்சா வாங்கிச் சேர்க்கிறவர். போட்ட காசு வந்துடுச்சு, மேல கொஞ்சமும் இருக்கு."

கஜபதி கவரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "நீ சொன்னா சொன்னதுதான் மச்சான்," என்றான். அன்றைக்கு அந்தப் பேச்சு ஜாபஸுக்கு இனிக்கவில்லை. கஜபதியின் வாட்ச் ஜாபஸ் வீட்டு பீரோவில், அவனுடைய சட்டைகளுக்கு அடியில் இருந்தது.

போர்டு வந்தது, மெஷின் ஓடியது. எல்லாம் முடிந்தது என்று ஜாபஸ் மூச்சுவிட்டபோது கஜபதி போன் செய்தான்.

"மச்சான், அந்தப் பரந்தாமன் சார் நம்பர் குடு."

"எதுக்குடா?"

"அந்த வாட்சு கொஞ்சம் வேகமா ஓடும். போன வருசம் படியில கீழ போட்டுட்டேன், அதுலேர்ந்து. சொல்லாம வித்துட்டமே, மனசு ஒரு மாதிரியா கீது. அந்த மனுசன் நம்மள இன்னா நெனைப்பாரு?"

"அவர் ஒண்ணும் நினைக்கமாட்டார், விடுடா."

"இல்ல மச்சான். நீ நம்பர் குடு."

ஜாபஸ் இரண்டு நாள் சாக்குச் சொன்னான். மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல், பெங்களூரில் வேலை பார்க்கிற மைத்துனன் ஜெர்வினைப் பிடித்தான். விஷயத்தைச் சொல்லி, "நீதான்டா பரந்தாமன். 'பரவாயில்ல சார்'னு சொல்லிட்டு வச்சிடு. அதுக்கு மேல ஒண்ணும் பேசாத," என்றான்.

"மாமா, இதெல்லாம் எனக்கு வராது மாமா."

"ரெண்டே வார்த்தைடா."

கஜபதி ரெண்டு வார்த்தையோடு விடுகிற ஆள் இல்லை. வாட்ச் வேகமாக ஓடுவதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதன் கறுப்பு டயலுக்கு இப்போதிருக்கிற தோல் பட்டை எடுப்பாக இல்லை, நல்லதாக ஒன்று மாற்றிக்கொள்ளுங்கள் என்று அன்பாகப் பேசினான். ஜெர்வினும் உற்சாகமாகி, ஆமாம் சார், கறுப்பு டயல் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றான். கஜபதியின் வாட்ச் முகம் கறுப்பு இல்லை, நல்ல நீலம். நம்பர் கொடுக்க ஜாபஸ் இழுத்தடித்ததில் சந்தேகம் வந்துதான் கஜபதி நிறத்தை மாற்றிச் சொல்லியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜாபஸும் சாராளும் பட்டாபிராம் வீட்டுக்குத் திரும்பியபோது, வாசலில் கஜபதி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே வந்தும் நாற்காலியில் உட்காரவில்லை.

"யார்ரா அந்தப் பரந்தாமன்?"

ஜாபஸ் வாயைத் திறப்பதற்குள் சாராள், "என் தம்பிண்ணே," என்றாள். ஜெர்வின் அன்றைக்கே அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தான். அவள் பீரோவைத் திறந்து, சட்டைகளுக்கு அடியிலிருந்து வாட்சை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். கஜபதி அதைப் பார்த்தான். ஜாபஸைப் பார்த்தான்.

"அப்ப காசு?"

"என்னோடதை வித்தேன்." ஜாபஸின் குரல் இறங்கியிருந்தது. "நான் சொல்லித்தானேடா நீ வாங்கின? என்னால நீ ஏமாந்து நிக்கக் கூடாதுன்னு..."

"எவன் சொன்னது, நீ சொல்லி வாங்குனேன்னு?"

ஜாபஸ் நிமிர்ந்தான்.

"அந்தக் கடையில வாட்சுக்குப் பின்பக்கம் கண்ணாடி வழியா காட்டுனான் பாரு. இத்துனூண்டு சக்கரம், அதும்மேல ஒண்ணு, அது பாட்டுக்கு ஆடிக்கினு கீது. பொறந்ததுலேர்ந்து சக்கரத்தோட மல்லாடுறேன், இவ்ளோ அழகா ஒண்ணைப் பாத்ததில்ல. அதுக்குத்தான் வாங்குனேன். நீ லாபம் லாபம்னு சொன்னது ஊட்டுல மைதிலிகிட்ட சொல்றதுக்கு ஒத்தாசையா இருந்திச்சு, அவ்ளோதான். என்னாண்ட வந்து, 'மாமே, பாதிதான் தரான்'னு சொல்லியிருந்தா, சரி குடுடான்னிருப்பேன். மீதிக்கு நான் வேற வழி பாத்திருக்க மாட்டேனா? என்னை அவ்ளோ சின்னப் புள்ளையாவா நெனைச்சே?"

சிநேகிதனுக்காகச் செய்ததாகத்தான் ஜாபஸ் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். பாதி அதற்குத்தான். மீதி, தன் பேருக்காக.

"தப்புதான்டா," என்றான்.

கஜபதி வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டான். "இதை நான் எடுத்துக்கறேன். காசை மாசா மாசம் குடுத்துடுவேன்."

"வேணாம்டா. நீ முதல்ல பட்டறையை..."

"குடுக்கட்டும். வாங்கிக்குங்க," என்றாள் சாராள். "வாங்கலேன்னா அண்ணன் அப்புறம் நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டாரு."

கஜபதி அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். சாராள் இலை நறுக்க உள்ளே போனாள். போகும்போது கணவனிடம், "லாக்கர் சாவியை இனிமே நான் வச்சுக்கறேன்," என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று ஜாபஸுக்குப் பிடிபடவில்லை.

"உன் வாட்சு போனதுல வருத்தமா மச்சான்?" என்று கஜபதி மெதுவாகக் கேட்டான்.

ஜாபஸ் யோசித்துப் பார்த்தான். மூன்று வருஷம் வைத்திருந்த பொருள். அது ஓடும் சத்தம் எப்படி இருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"இல்லடா," என்றான். "அதான் வருத்தமா இருக்கு."

கஜபதி சிரிக்கவில்லை. கையை நீட்டி, அவன் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, சாப்பிடக் கைகழுவ எழுந்து போனான்.