முகம் தெரியட்டும்

சுமித்திராவைக் கெட்டவள் என்று யாராலும் சொல்ல முடியாது. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துவிட்டு நாமும் நிம்மதியாகப் போகலாம். கிழமையில் மூன்று நாள் வட்டக்கச்சியில் இருந்து சைக்கிள் மிதித்து வந்து, தெருவில் இருந்து மீட்ட பெண் பிள்ளைகளின் இல்லத்தில் அவர்களுக்குச் சீப்பால் தலை இழுத்து, பேன் பார்த்து, சிரங்குக்கு மருந்து பூசி, எழுத்தும் சொல்லிக் கொடுத்துவிட்டு ஒரு தேத்தண்ணியோடு திரும்பிப் போகிறவள். சம்பளம் கிடையாது, அவள் கேட்டதும் கிடையாது. "ஊர்ப் பேனெல்லாம் எங்கடை வீட்டுக்குத்தான் வருது" என்று புருஷன் தயாபரன் நக்கலடிப்பான். பிள்ளை இல்லாத வீடு என்பதால் அதற்கு மேல் அவனும் வாயைத் திறப்பதில்லை.

இல்லம் கிளிநொச்சி நகரம் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருந்தது. பஸ் நிலையங்களில் கையேந்தியவர்கள், திருவிழாக்களில் ஊதுபத்தி விற்றவர்கள், கடை வாசல்களில் படுத்தவர்கள் என்று அங்கே வந்து சேர்ந்த பிள்ளைகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டவர் கமலேஸ்வரி அக்கா. சிரிப்பதற்குக்கூடக் கணக்குப் பார்க்கிற மனுஷி. இரண்டு சட்டங்களில் மட்டும் அவர் இம்மியும் அசையமாட்டார். எந்தப் பிள்ளையையும் பழைய கதை கேட்டுத் துருவக்கூடாது. எந்தப் பிள்ளையின் முகமும் படத்தில் வரக்கூடாது.

இரண்டாவது சட்டத்தைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. இப்போதெல்லாம் வன்னியில் ஒருவருக்குத் திவசம் என்றால் வெளிநாட்டுப் பிள்ளைகள் இப்படி ஒரு இல்லத்துக்குத்தான் சாப்பாடு கொடுக்கிறார்கள். சுவரில் செத்தவரின் பெயரோடு பனர் கட்டவேண்டும். படத்துக்கு மாலை போட்டு, பிள்ளைகளை வரிசையாக இருத்தித் தேவாரம் பாட வைக்கவேண்டும். வாழை இலையில் சோறும் கறியும் வடையும் பாயாசமும் ஆறிக்கொண்டிருக்க, முதலில் போட்டோ, பிறகுதான் வாய். கமலேஸ்வரி அக்கா பிள்ளைகளின் முதுகுப் பக்கமாக நின்றுதான் எடுக்க விடுவார். கொடுத்தவர்களுக்கு அது பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும் என்பார் அவர்.

மேனுகா அங்கே வந்தது மாரி மழை தொடங்கிய நேரம். ஒன்பது வயது இருக்கும். வவுனியாவில் ஒரு பஸ்ஸில் ஏறி, பின் சீற்றுக்கு அடியில் சுருண்டு கிடந்தவளைக் கிளிநொச்சியில் கொண்டக்டர் கண்டு ஒப்படைத்தார். ஆரம்பத்தில் சோற்றை உருண்டையாக்கிச் சட்டைக்குள் ஒளித்து வைப்பாள். போகப்போக அதை விட்டாள், சுமித்திராவின் மடியில் தலை வைத்துப் பேன் பார்க்கக் கொடுத்தாள். ஒருநாள் அப்படியே நித்திரையாகிப் போனாள். அன்று சைக்கிளில் வீடு போகும்போது சுமித்திராவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. இந்தப் பிள்ளைக்கு இனி ஒரு குறையும் வரவிடமாட்டேன் என்று கோயில் வாசலில் இறங்கிக் கும்பிட்டுச் சொல்லிவிட்டே போனாள்.

சுமித்திராவின் தாயின் முதலாம் ஆண்டுத் திவசம் வந்தது. கனடாவில் இருக்கும் தமையன் பிரதாபன் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுத்தான். அன்றைக்கென்று பார்த்துக் கமலேஸ்வரி அக்கா வேறொரு பிள்ளையின் வழக்குக்காக வவுனியா போயிருந்தார். பொறுப்பு சுமித்திராவின் கையில். முதுகுப் பக்கமாகவே எடுத்து அனுப்பினாள். அடுத்த நிமிடமே வீடியோ கோல் வந்தது.

"என்னடி இது, எல்லாம் முதுகாய்க் கிடக்கு? அம்மாவின்ரை திவசத்துக்கு முதுகுக்கோ சோறு குடுத்தனாங்கள்?"

"இஞ்சை அப்பிடித்தான் அண்ணை. முகம் எடுக்கக்கூடாது."

"நாங்கள் என்ன பேப்பரிலையே போடப்போறம்? குடும்பத்துக்கை பாக்கத்தானே. சாகேக்கையும் அம்மாவின்ரை முகத்தை நான் பாக்கேல்லை. இதையாவது வடிவாக் காட்டன்."

அந்தக் கடைசிச் சொல்லில் சுமித்திரா கரைந்து போனாள். ஒரு படம்தானே என்று நினைத்தாள். பிள்ளைகளை இலையோடு திருப்பி இருத்தினாள். முன்னுக்கு, தாயின் படத்துக்கு நேர் கீழே, மேனுகா. தலை இழுத்துப் பொட்டு வைத்துவிட்டிருந்தாள், தன் பிள்ளையைக் காட்டுகிற பெருமைதான். மேனுகா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தாள் சுமித்திரா.

"கையை எடு குஞ்சு. முகம் தெரியட்டும்."

மேனுகா விரல் இடுக்கால் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அழோணுமோ, சிரிக்கோணுமோ அன்ரி?"

எல்லோரும் சிரித்தார்கள். போனுக்குள் இருந்த பிரதாபனும் சிரித்தான். "சிரி பிள்ளை, ஆர் உன்னை அழச் சொன்னது?" என்றாள் சுமித்திரா. அதை அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. பதிலுக்கும் நிற்கவில்லை. மேனுகா கையை இறக்கிச் சிரித்தாள், நல்ல வடிவான சிரிப்பு.

இரவே பிரதாபன் அதைப் பேஸ்புக்கில் போட்டான். சொந்தக்காரர், சொந்தக்காரரின் சொந்தக்காரர் என்று ஆளாளுக்குப் பகிர்ந்தார்கள். சுமித்திரா தயாபரனுக்குக் காட்டி மகிழ்ந்தாள். கமலேஸ்வரி அக்கா கண்டபோது கத்தவில்லை. "அழிக்கச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். பிரதாபன் முணுமுணுத்துக்கொண்டு அழித்தான். மற்றவர்கள் போட்டதை யார் அழிப்பது?

பார்வையாளர் வருகிற சனிக்கிழமை ஒன்றில் மேனுகாவின் தகப்பன் வந்தான். உடம்பில் வெள்ளைச் சேட்டு, நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் ஒரு சின்னப் பெண். எல்லோரையும் கும்பிட்டான். "தேடாத இடமில்லை அக்கா. தாயில்லாப் பிள்ளை. கடவுள் விட்ட வழி, படத்திலை கண்டன்" என்று கண்ணாடி உடைந்த போனை நீட்டினான். அதில் மாலை போட்ட சுமித்திராவின் தாயின் முகமும் அதன் கீழே மேனுகாவின் சிரிப்பும்.

மேனுகா வந்து நின்றாள். அழவில்லை, ஓடவில்லை. தகப்பனையும் பார்க்கவில்லை. இடுப்பில் இருந்த தங்கச்சியையே பார்த்தாள். சின்னவள் யாரென்று தெரியாத சுமித்திராவைப் பார்த்து, பழக்கத்தில் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அவளுடைய கெண்டைக்காலில் புதுச் சூட்டுக்காயம் ஒன்று இருந்தது.

"இது என்ன காயம்?" என்று கேட்டார் கமலேஸ்வரி அக்கா.

"அடுப்பிலை விழுந்திட்டாள் அக்கா. தாயில்லாத வீடுதானே."

அக்கா விடவில்லை. சின்னவளைப் பற்றியும் பிள்ளைகள் விவகாரம் பார்க்கும் அரச அலுவலகத்துக்கு அறிவித்தார். விசாரிப்பதாகச் சொன்னார்கள். சின்னவளோ வாய் திறக்கிற பிள்ளை இல்லை. மேனுகாவை யாருடன் விடுவது என்பதை அவளிடமே கேட்பார்கள் என்று தெரிந்ததும் சுமித்திராவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அவள் போகமாட்டேன் என்பாள், அது போதும்.

தலை இழுத்துக்கொண்டே மெல்லக் கேட்டாள். "இஞ்சைதான் நிப்பன் எண்டு சொல்லுவாய் என்ன?"

"நான் அப்பாவோடை போகப்போறன் அன்ரி."

"ஏன் குஞ்சு?"

"நான் போகாட்டி சின்னவள்தான் தனிய நிண்டு கை நீட்டோணும். அவளுக்கு அழத் தெரியாது. சனம் வரேக்கை அழாட்டி அப்பா சுடுவார். எனக்கு உடனை அழ வரும்." பெருமையாகவே சொன்னாள்.

சுமித்திராவின் கையில் சீப்பு நின்றுபோனது. எழுந்து ஓடிப்போய்க் கமலேஸ்வரி அக்காவிடம் கொட்டினாள். கேட்டதை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "எல்லாம் என்ரை பிழை அக்கா" என்றாள். இல்லையென்று ஒரு சொல்லாவது வரும் என்று மனம் எதிர்பார்த்தது.

"ஓம், உன்ரை பிழைதான்" என்றார் அக்கா. "அதுக்காகப் பிறகு அழலாம். அவள் இதை விசாரணையிலை தன்ரை வாயாலை சொல்லோணும்."

மேனுகா சொல்லவில்லை. அக்கா சொன்னார், சுமித்திராவும் சொன்னாள். விசாரித்தவர்கள் பிள்ளையிடம் அன்பாகத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். "அப்பா நல்லவர். அன்ரிக்கு நான் பொய் சொன்னனான்" என்றாள் அவள், அவர்கள் முகத்தில் இருந்து கண்ணை எடுக்காமல். தகப்பனுக்கு வீடு இருந்தது, கையில் தொழில் என்று சொல்லவும் ஏதோ இருந்தது. பிள்ளையே போகிறேன் என்கிறது.

ஒப்படைத்த நாள் நல்ல வெயில். இரண்டு சட்டையும் எழுத்துக் கொப்பியும் ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கொடுத்தாள் சுமித்திரா. அன்று காலையும் அவள்தான் தலை இழுத்துவிட்டாள். தலையில் ஒரு பேன்கூட இல்லை. வாசலில் மேனுகா தங்கச்சியை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். சின்னவள் உடனே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அழைத்துப் போக வந்த உத்தியோகத்தர், பிள்ளையை ஒப்படைத்ததற்கு ஒரு படம் வேண்டும் என்று போனை எடுத்தார். மேனுகாவின் கை தானாக முகத்துக்குப் போனது. பாதியில் அவளே இறக்கினாள். சுமித்திராவின் பக்கம் அவள் திரும்பவில்லை. தகப்பனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அழோணுமோ, சிரிக்கோணுமோ அப்பா?"

பகிடி என்று நினைத்து உத்தியோகத்தர் வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரி பிள்ளை" என்றான் தகப்பன்.

மேனுகா சிரித்தாள்.